மோட்டாரை நிறுத்திப் பார்த்தவர்

ரெஜினா அக்கா போய்விட்டார் என்று ஊரப்பாக்கத்திலிருந்து யாரோ போன் செய்தார்கள். நான் நம்பவில்லை. அக்கா வீட்டுக்கே அழைத்தேன். மகன்தான் எடுத்தான். உண்மைதான். அவரோடு இத்தனை வருடம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்ததில் எனக்கும் எதையும் சட்டென்று நம்ப வராது.

தாம்பரத்தில் எங்கள் பிசியோதெரபி மையத்துக்கு வந்துபோன எல்லோருக்கும் அவருடைய சந்தேகப் புத்தி தெரியும். பக்கவாதத்தில் விழுந்த கையைத் தூக்கிப் பழக்கும் ரோபோ ஒன்றை ஒரு கம்பெனி சோதனைக்குக் கொண்டுவந்து வைத்தது. கையை அதில் கட்டினால் தூக்கும், இறக்கும். நன்றாகச் செய்தால் திரையில் நட்சத்திரம் விழும். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம். அக்கா மட்டும் தன் நல்ல கையை அதில் கட்டி, ஈரத்துணி மாதிரி தளரவிட்டு உட்கார்ந்தார். வரிசையாக நட்சத்திரம் விழுந்தது.

"தூங்குறவங்களுக்கும் முழு மார்க் போடுதே, இது நல்ல வாத்தியாரா?" என்று கம்பெனிக்காரரிடம் கேட்டார்.

"அது செட்டிங்ஸ் மேடம்" என்று அவர் மழுப்பினார். எனக்கு அக்கா மேல்தான் எரிச்சலாக இருந்தது.

அதில் தினமும் பயிற்சி செய்தவர் கன்னியம்மா. கேளம்பாக்கம் பக்கம் மீன் விற்றவர். வலது கை விழுந்துவிட்டது. நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே மீன் வெட்ட அரிவாள்மனையில் உட்காரப்போவதாகச் சொன்னார். விரலை வெட்டிக்கொள்வாரே என்று அக்கா பயந்தார். மோட்டாரை நிறுத்திவிட்டு, "இப்போ தூக்குங்கம்மா" என்றார். கை அசையவே இல்லை.

"அப்போ இத்தினி நாளா இத்த யாரு தூக்கிகினு இருந்தது?"

"மோட்டார்தாம்மா."

"நல்லா போய்கினு இருந்த கைய நீதான் நிறுத்திட்ட!" என்று கன்னியம்மா கத்தினார். அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அழுதார்.

ஆனாலும் மறுநாள் வந்தார். அக்கா இயந்திரத்தை ஒதுக்கிவிடவில்லை. மோட்டாரின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். குறைக்கும்போதெல்லாம் கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டே குறைத்தார். நட்சத்திரம் விழுவது நின்றேபோனது. மாதங்கள் ஓடின. ஒருநாள் மோட்டார் ஓடாமலே கை லேசாக எழுந்தது. இப்போது கன்னியம்மாவுக்குச் சந்தேகம்.

"இன்னாம்மா, நீ கீழ கை குடுத்துகினு கீறியா?"

அக்கா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டியபடி சுவரோரம் போய் நின்றார்.

"பிளக்கையும் புடுங்கு."

பிடுங்கினோம். கை மறுபடி எழுந்தது. "இப்படித்தான் இருக்கணும். என்னையும் நம்பக் கூடாது" என்று அக்கா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் கன்னியம்மா வலது கையால் ஒரு பிடி மண் அள்ளினார். அவருடைய மகள் ஒட்டி நின்றிருந்தாள். அவள் முழங்கையைத் தாங்குகிறாளோ என்று, அத்தனை பேர் நடுவில் வெட்கமில்லாமல் குனிந்து பார்த்தேன். தாங்கவில்லை. மண் குழிக்குள் விழுந்தது. அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சந்தேகம்தான். இதை நான் விடுவதாக இல்லை.