கழுவிக் கொண்டுவந்த பாட்டில்

பாடியிலிருந்து அம்பத்தூர் போகும் சாலையில், டயர் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த நர்சிங் ஹோம். லாரி போனால் ஆபரேஷன் தட்டில் கத்திரிகள் குலுங்கும். வாசல் பலகையில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தால் பிரசவம் பார்க்கிறவள் என்றுதான் அந்தப் பக்கத்தில் அர்த்தம். என் பெயருக்குக் கீழே பிளாஸ்டிக் சர்ஜன் என்று போட்டிருந்ததை ஒருத்தரும் சட்டை செய்யவில்லை. மாசமாக இருக்கும் பெண்கள் மூச்சு வாங்க மாடி ஏறி வருவார்கள். நான் பிரசவம் பார்ப்பதில்லை என்று சொன்னால், "அப்ப இன்னாத்துக்கு டாக்டராகீற?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

அதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் இருந்தேன். ஸ்டவ் வெடித்தது என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்களுக்குத் தோல் எடுத்து ஒட்டி ஒட்டி, ஒரு கட்டத்தில் எனக்கே வெறுத்துப்போய் வெளியே வந்தேன். எண்பதுகளின் கடைசியில் உடம்பைச் செதுக்கும் வேலை இங்கேயும் மெல்ல வந்திருந்தது. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் குழாய், தொங்கும் வயிற்றை வெட்டித் தைப்பது, மார்பைச் சிறிதாக்குவது. கூடப் படித்தவர்கள், "என்ன, அழகு நிலையம் எப்படிப் போகுது?" என்று கேலி செய்வார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். என்னிடம் வந்தவர்கள் யார் தெரியுமா? பெண்ணைப் போல மார்பு வளர்ந்துவிட்டதே என்று வெயில் காலத்திலும் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகும் ஆவடி ஃபேக்டரிப் பையன். மூன்று தடவை வயிற்றைக் கிழித்துப் பிள்ளை பெற்று, தொங்கும் வயிற்றுக்கு அடியில் புண் ஆறாத அம்மா. இதில் எங்கே இருக்கிறது அழகு? போங்கடா என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நாற்பதை நெருங்கும் வயது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற வேலை. நாள் முழுக்க மேஜை மேல் குனிந்து செப்புக் கம்பி சுற்ற வேண்டும். நெஞ்சு வலி என்றாள். நெஞ்சு வலி என்று சொல்லிச் சொல்லியே பல இடங்களில் ஈ.சி.ஜி. எடுத்திருந்தாள். எல்லாச் சீட்டையும் ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தாள். இதயம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. ரவிக்கையைக் கழற்றச் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. அவ்வளவு பெரிய மார்பு. இரண்டு தோளிலும் உள்பாடிப் பட்டை அழுத்தி விரல் புதையும் பள்ளம். மார்புக்கு அடியில் வேர்த்து வேர்த்துத் தோல் வெந்து கிடந்தது. இதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இத்தனை வருஷமும் நெஞ்சு வலி.

"குனிஞ்சா நிமிர முடியல. நிமிந்தா ஊரே பாக்குது. இன்னாம்மா பண்ணட்டும்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுது. செவுத்துல சாஞ்சிதான் தூங்குறேன். நல்லா கால நீட்டிப் படுத்து எவ்ளோ நாளாச்சு தெரியுமா?" என்றாள்.

வெளியே பெஞ்சில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். பாடியில் லாரிகளுக்குச் சுமை ஏற்றி இறக்குகிறவன். அவனுடைய அப்பா காலத்தில் அயனம்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை. இப்போது வயலும் இல்லை, ஏரிப் பக்கத்தில் ஒரு வீடு மட்டும். உள்ளே கூப்பிட்டு ஆபரேஷன் என்றதும் அவன் முகம் சுண்டிவிட்டது. "எனக்கு ஒரு கொறையும் இல்லம்மா. நான் கேக்கவும் இல்ல. ஆனா அது தூங்க மாட்டேங்குது. தூங்க வையி, அது போதும்" என்றான். அந்தப் பேச்சுக்காகவே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

மார்பைச் சிறிதாக்குவது பொறுமையான வேலை. நிற்க வைத்துப் பேனாவால் கோடு போட்டு, காம்பை அதன் ரத்த ஓட்டத்தோடு மேலே நகர்த்தி, மிச்சத்தை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டியதை எடை போட்டு, இரண்டு பக்கமும் சமமா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எடுத்த சதையைத் துண்டு போட்டுக் கையால் தடவிப் பார்ப்பேன். வலது பக்கத்துச் சதையில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. கத்தி வைத்தால் நறநறவென்றது. அத்தனை சதைக்குள்ளே புதைந்திருந்ததால் முன்னால் சோதித்தபோது கைக்கு அகப்படவே இல்லை. தியேட்டரில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன்.

கட்டியில் கறுப்பு நூலால் ஒரு தையல் போட்டு அடையாளம் வைத்து, வலது பக்கத்துச் சதையை ஒரு பாட்டிலிலும், இடது பக்கத்துச் சதையை இன்னொரு பாட்டிலிலும், மருந்துத் தண்ணீரில் மூழ்கடித்து மூடினோம். என் வீட்டிலிருந்து கொண்டுவந்த, வாய் அகன்ற சத்துமாவு பாட்டில்கள்தான். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் சதைப் பரிசோதனை கிடையாது, எழும்பூர் பக்கம் ஒரு லேபுக்குப் போக வேண்டும். கொண்டுபோவது நோயாளியின் சொந்தக்காரர்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் அதுதான் வழக்கம். கர்ப்பப்பையையும் பித்தப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு எத்தனை பேர் பஸ்ஸில் போயிருப்பார்கள், பக்கத்து சீட்டுக்காரனுக்கு என்ன தெரியும்!

அவனிடம் நான் மூடி மறைக்கவில்லை. "வலது பக்கம் ஒரு கட்டி இருக்கு. எனக்குச் சந்தேகமா இருக்கு. கெட்ட கட்டியா நல்ல கட்டியான்னு லேப்ல பார்த்துச் சொல்லணும். காலையில முதல் வேலையா கொண்டுபோய்க் குடுத்துடு" என்றேன். லேபுக்கு எழுதிய சீட்டை இரண்டு முறை படித்துக் காட்டினேன். தலையைத் தலையை ஆட்டிவிட்டு, ஒயர் கூடையில் பாட்டில்களைத் துணி சுற்றி வைத்துக்கொண்டு போனான்.

தையல் பிரிக்க அவள் வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெருமழை விட்டு அன்றுதான் பஸ் ஓடியது. புது ரவிக்கை தைத்துப் போட்டிருந்தாள். நிமிர்ந்து, கையை வீசிக்கொண்டு மாடி ஏறி வந்தாள். "கொறட்ட உட்டுத் தூங்குறேனாம், இந்தாளு திட்டுது" என்று சிரித்தாள். எனக்கும் சந்தோஷம். ரிப்போர்ட் எங்கே என்று அவனைக் கேட்டேன்.

அவன் கூடையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து மேஜை மேல் வைத்தான். பளிச்சென்று கழுவித் துடைத்த காலி பாட்டில்கள்.

"உங்க ஊட்டுதாச்சே, அதான் கழுவி எடுத்தாந்துட்டேன்மா" என்றான்.

"உள்ளே இருந்தது எங்கேய்யா?"

"பொதச்சிட்டேன்."

அவன் நிதானமாகத்தான் சொன்னான். லேபுக்குப் போயிருக்கிறான். சுவர் முழுக்க பாட்டில், பாட்டிலுக்குள்ளே மனுஷச் சதை. பார்த்து முடித்ததும் இதை என்ன செய்வீர்கள் என்று வாசலில் இருந்தவனைக் கேட்டிருக்கிறான். தூக்கிப் போட்டுவிடுவோம் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறான். "எம் புள்ளைங்க பால் குட்ச்ச மாரும்மா அது. குப்பையில போட உடுவனா? கெட்டதுதான் வெளிய வந்துட்சே, அப்புறம் அதுக்கு இன்னா பேருன்னு கேட்டு இன்னா ஆவப்போது? கேட்டா திரும்பி வந்துகினு நிக்கும். அதான் ஊட்டுக்குப் போயி, மஞ்சத்துணியில சுத்தி, ஏரிக்கர ஓரமா பொதச்சி, பால் ஊத்தி, கல்பூரம் ஏத்திட்டு வந்தேன்."

அவளுக்கே அப்போதுதான் விஷயம் தெரியும். அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "அடப்பாவி! நான் குத்துக்கல்லாட்டம் கீறேன், அதுக்குள்ள எனக்குப் பால் ஊத்திட்டியா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிவதைப் பார்த்துக்கொண்டேதான் திட்டினேன்.

ஆட்டோ பிடித்து அவனோடு அயனம்பாக்கம் போனேன். பாட்டிலோடு புதைத்திருந்தாலாவது மருந்துத் தண்ணீரில் கெடாமல் இருந்திருக்கும். துணியில் சுற்றிப் புதைத்தது மண்ணில் மிஞ்சாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை, கட்டி கெட்டியாகத்தானே இருந்தது, நூல் போட்டிருக்கிறோமே என்று ஒரு நப்பாசை. போய்ப் பார்த்தால் ஏரி நிரம்பிக் கிடந்தது. அவன் அடையாளம் வைத்த செங்கல்லும் இல்லை, கரையோரமும் இல்லை, எல்லாம் தண்ணீர். "இங்கதான்மா, இங்கியேதான்" என்று லுங்கியை மடித்துக் கட்டி இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து குனிந்து கையால் சேற்றை அள்ளினான். வாட்டசாட்டமான மனுஷன், தேம்பிக்கொண்டே தேடினான். வயிற்றெரிச்சலில் நான் கொஞ்ச நேரம் அவனைத் தடுக்கவும் இல்லை. பிறகு, "போதும், மேல வா" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் என்ன தொலைந்தது என்று கேட்டார். நகை என்று சொல்லிவிட்டேன்.

அவளிடம் உட்கார்ந்து பேசினேன். வலது மார்பை முழுக்க எடுத்துவிட்டு, அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுத்துவிடலாம் என்றேன். அவள் கேட்டாள்.

"அது கெட்ட கட்டிதான்னு உனக்குக் கண்டிப்பா தெரியுமா?"

"தெரியாது. சந்தேகம்தான்."

"சந்தேகத்துக்கு அறுத்துப் போட்ருவியா? அதான் எட்த்துட்டியே?"

முழுக்க எடுத்தேனா, ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று சொல்ல வேண்டியது லேப். லேப் பார்க்க வேண்டிய சதையைத்தான் ஏரி தின்றுவிட்டது. "இப்பதாம்மா நிமிந்து நடக்கறேன். காயில் எவ்ளோ சுத்துறேன் தெரியுமா? உட்டுடும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கெஞ்சினேன், மிரட்டினேன், வீட்டுக்கே போய் மல்லுக்கட்டினேன். கடைசியில் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மட்டும் போக ஒப்புக்கொண்டாள். அங்கே தடவிப் பார்த்தார்கள், ஒன்றும் தட்டுப்படவில்லை. ரிப்போர்ட் எங்கே என்றார்கள். இல்லை என்றதும் அவளை விட்டுவிட்டு அவனைத் திட்டினார்கள், அடிக்கடி வந்து காட்டு என்றார்கள். சில தடவை போனாள். ஒவ்வொரு தடவையும் முதல் கேள்வி அதேதான். ஒவ்வொரு தடவையும் அவன் தலை குனிந்து நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று போவதை நிறுத்திவிட்டாள்.

இரண்டு வருஷம் போல ஆகியிருக்கும். அவள் மாடி ஏறி வந்தபோது ஒவ்வொரு படிக்கும் நின்றாள். வலது கை வீங்கி, வளையல் சதைக்குள் புதைந்திருந்தது. அக்குளில் கல்லுக் கல்லாகக் கட்டிகள். நான் தைத்த தழும்பு மட்டும் மெல்லிய கோடாக, அவ்வளவு அழகாக ஆறியிருந்தது.

"நீ சொன்னது வந்துட்சும்மா" என்றாள்.

மருந்து ஏற்ற வேண்டுமென்றால் பெரிய ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் கேட்பார்கள். கட்டியிலிருந்து ஒரு துளி சதை எடுத்துச் சின்ன பாட்டிலில் போட்டேன். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு நான் சொந்தக்காரர்கள் கையில் எதையும் கொடுப்பதில்லை, எங்கள் ஆளே கொண்டுபோவார். அவன் கதவருகில் வந்து நின்று கையை நீட்டினான்.

"என் கைல குடும்மா."

மாட்டேன் என்றேன். கட்டிலிலிருந்து அவள் சொன்னாள்: "குட்த்துடும்மா. இல்லாங்காட்டி அந்தாளு சாவற வரைக்கும் தூங்காது."

கொடுத்தேன். கூடையில் வைக்கவில்லை, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நினைத்துக்கொண்டேன். லேபில் கொடுத்தவன் வீட்டுக்கும் போகவில்லை, வேலைக்கும் போகவில்லை. ரிப்போர்ட் கைக்கு வரும் வரைக்கும் லேப் வாசலிலேயே கிடந்திருக்கிறான். தாடியும் அழுக்குச் சட்டையுமாக வந்து, ஒட்டிய கவரை என்னிடம் நீட்டினான்.

"இந்தத் தபா கரெக்டா குட்த்துட்டேன்மா. தொறந்துகூடப் பாக்கல. ஒட்னது ஒட்ன மாறியே கீது பாரு."

பிரித்தேன். கட்டியை விரலால் தொட்டபோதே எனக்குத் தெரிந்ததுதான் டைப் அடித்து வந்திருந்தது. பரவியிருந்தது. என்ன மருந்து ஏற்றினாலும் சில மாதங்கள்தான்.

"அதான் ரிப்போட்டு வந்துட்சே. இனிமே தூங்க வெச்சிருவல்ல?" என்றான்.

திறந்திருந்த கதவு வழியே அவள் தெரிந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று, கட்டிலில் சுவரோடு சாய்ந்து, உட்கார்ந்தபடியே கண்ணை மூடியிருந்தாள். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, கவரை மடித்து மேஜைக்குள் வைத்தேன்.