பதினொரு மணிக்கு வந்து பார்

எங்கள் குடியிருப்பில் அத்தைக்கு ‘ஷேடு கார்டு’ என்று பெயர். பெயிண்ட் கடையில் அந்த நிற அட்டையைப் பார்த்து நிறம் கலந்தே தலை நரைத்தவள். யாராவது பழைய திரைச்சீலையில் ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினால் போதும். வெள்ளை வாளியில் கருப்பைக் கொஞ்சம், மஞ்சளைக் கொஞ்சம் சொட்டவிட்டு, கட்டையால் கலக்கி, அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவாள். அந்தக் கண் வீட்டுக்கு வந்த பிறகும் ஓயாது. புதுச் சட்டையில் எதிரே வருகிறவரிடம், “அழுக்குப் பச்சை. உங்களுக்கு எடுபடல” என்பாள். கேட்டவர் முகம் என்ன நிறம் ஆயிற்று என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.

அவள் வாழ்ந்ததெல்லாம் வாடகை வீடுகளில். வீட்டுக்காரர் வெள்ளை அடித்துத் தருவார். காலி செய்யும்போது வெள்ளையாகவே திருப்பித் தர வேண்டும். வேலையிலிருந்து நின்றபோது வந்த தொகையில் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில், பின்பக்க வீட்டை வாங்கினாள். யாருக்கும் பிடிக்காமல் நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடு அது. ஜன்னலைத் திறந்தால் நீளமாக ஒரு துண்டு நிலமும், அதற்கப்பால் மதிலும்தான். கட்டடம் கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டுகளும் உடைந்த டைல்ஸும் அதில் அப்படியே கிடந்தன. நிலம் அவளுடையது. ஆனால் வெளியே தெரிகிற எதுவும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிற உரிமை குடியிருப்போர் சங்கத்துக்கு இருந்தது. சங்கத்தின் செயலாளர் அவளுடைய தம்பி, அதாவது என் அப்பா.

சங்கத்துக்குப் புல்வெளி என்றால் உயிர். கோடையில் வீட்டுக் குழாய்களில் காலையில் சிறிது நேரம்தான் தண்ணீர் வரும். அப்போதும் முன்பக்கப் புல்லுக்கு லாரித் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

“நாம வாளியில மொண்டு குளிக்கிறோம். புல்லு ஷவர்ல குளிக்குது,” என்றாள் அத்தை. பின்பக்கமும் புல் போடலாம் என்று அப்பா சொன்னபோது அவள் கொடுத்த பதில் அதுதான்.

“சரி, செங்கலையாவது அள்ள ஆள் அனுப்பவா?”

“அதுல கை வச்சுப் பாரு.”

முதலில் மதிலின் உள்பக்கத்துக்கு அடர்நீலம் அடித்தாள். முன்னால் நிற்கிற ஆரஞ்சு அப்போதுதான் வாயைத் திறக்குமாம். மதிலோரம் ஆரஞ்சு நிறக் காகிதப்பூ. அதற்கு முன்னால் வாடாமல்லி, நித்தியகல்யாணி, பாம்புக் கற்றாழை. தரை முழுக்கப் பத்து மணிப் பூவின் துண்டுகளைக் கிள்ளி நட்டாள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதில் கறாராக இருந்தாள். இடம் மாறி நட்ட ஒன்றைப் பிடுங்கி மறுபடி நட்டதும் உண்டு. செங்கல் துண்டுகளைச் செடிகளுக்கு நடுவே நெருக்கமாகப் பரப்பினாள், வெயில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சாமல் இருக்க.

தண்ணீருக்கு மேலே பார்த்தாள். ஒவ்வொரு மாடியிலும் ஏசி குழாய்கள் சும்மா சொட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் டியூபைச் செருகிக் கீழே இறக்கினாள். டியூப் வந்து விழும் இடங்களில் மண்பானைகளைக் கழுத்துவரை புதைத்து மூடி வைத்தாள். பானையின் உடம்பு வழியாகக் கசிகிற ஈரம் வேருக்குப் போதும். நித்தியகல்யாணியைப் பானையை ஒட்டியும் கற்றாழையை எட்டியும் வைத்தாள். “குடிகாரங்களுக்கு எல்லாம் தனி மேசை,” என்றாள்.

புகார்கள் வந்தன. டியூப் தொங்குகிறது, செங்கல் கிடக்கிறது, மதில் ஏன் நீலம். ஒருநாள் மாலை, எல்லாரும் வேலையிலிருந்து திரும்பிய பிறகு, சங்கத் தலைவரும் அப்பாவும் பின்பக்கம் பார்வையிட வந்தார்கள்.

“என்ன செயலாளரே, வேலை பாதியில நின்னு போச்சா?” என்றார் தலைவர்.

“வேலை முடிஞ்சாச்சு. நீங்கதான் நேரங்கெட்ட நேரத்துல வந்திருக்கீங்க,” என்றாள் அத்தை.

“தரையில ஒரு பூவைக் காணோமேம்மா. களை மாதிரி இருக்கு.”

“அதுங்க கடையைச் சாத்திட்டுப் போயாச்சு. பதினொரு மணிக்கு வந்து பாருங்க.”

“பதினொரு மணிக்கு ஆபீஸ்ல இருப்போம்.”

“லீவு போடுங்க. தீர்ப்பு சொல்ல மட்டும் நேரம் கிடைக்குதில்ல?”

அப்பா கெஞ்சிக் கேட்டுக்கொண்டதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தலைவர் வந்தார். அன்றைக்குப் பார்த்து வானம் மூடிக் கிடந்தது. பத்து மணிப் பூ ஒன்றுகூட இமை திறக்கவில்லை.

“அக்கா, என் மானம் போகுது,” என்று அப்பா முணுமுணுத்தார்.

“வெயில் இல்லன்னா அது திறக்காது. உன் மானத்தைக் காப்பாத்தணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து?”

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது: பின்பக்கத்தில் புல் போடப்பட வேண்டும். அதைச் சொல்ல அப்பா கீழே இறங்கிப் போகவில்லை. கேள்விப்பட்டு அத்தைதான் மேலே வந்தாள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“ஒரு துண்டு இடம், அக்கா. அதுக்கா இவ்வளவு அடம்?” என்றார் அப்பா, தட்டைப் பார்த்துக்கொண்டே.

“எத்தனை பேர் சுவருக்குக் கலக்கியிருக்கேன் தெரியுமா? உங்களுக்கு எது பிடிக்கும்னு ஒருத்தராவது என்னைக் கேட்டாங்களா? இது எனக்கு நானே கலந்தது. இது ஒண்ணுதான்டா. இதை எடுத்துட்டுப் புல்லு போட்டீங்கன்னா நான் உனக்கு அக்கா இல்ல. ஷேடு கார்டு. அப்படித்தானே நீயும் மத்தவங்களோட சேர்ந்து சொல்றே?”

அத்தை வாசலில் நின்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “காது செங்கல் நிறம் ஆயிடுச்சு,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அம்மா குழம்புக் கிண்ணத்தை அப்பா பக்கம் தள்ளினாள். “நிறம் சரியாத்தான் சொன்னாங்க,” என்றாள்.

ஒரு வேலைநாள் காலையில் புல் வந்து இறங்கியது, பாய் மாதிரி சுருட்டிய சுருள்களாக. மேற்பார்வைக்காக அப்பா லீவு போட்டிருந்தார். பின்பக்கம் போகக் கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவே ஒரே ஒரு சந்துதான். அத்தை அதில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, கொஞ்சம் எந்திரிங்க,” என்றார் புல் கொண்டுவந்தவர்.

“முடியாது. முட்டி வலி.”

“நாற்காலியோட தூக்கி ஓரமா வச்சிடறோம்.”

“தாராளமா. செயலாளர் முதல்ல ஒரு பக்கம் பிடிக்கட்டும்.”

அப்பா கையைப் பேண்ட் பையிலிருந்து எடுக்கவில்லை.

“ஏங்க, இதை விரிச்சதும் எவ்வளவு தண்ணி விடணும்?” என்று அத்தை அந்த மனிதரிடம் விசாரித்தாள், தானே வாங்கப்போகிறவளைப் போல.

“நல்லா ஊற ஊற விடணும்மா. வேர் பிடிக்கிற வரைக்கும் காலையும் சாயங்காலமும் நிறுத்தக்கூடாது.”

“அந்தக் குழாயைத் திறங்க.”

அவர் திறந்தார். குழாய் இருமியது, காற்றுதான் வந்தது.

அப்பா தண்ணீர் லாரிக்காரருக்குப் போன் போட்டார். சந்தில் சிக்னல் கிடைக்கவில்லை. அத்தை காலை மடக்கி வழி விட்டாள். “நீ போகலாம். புல்லுதான் போகக்கூடாது.” அப்பா பின்பக்கம் போய்ப் பேசினார். வீடுகளுக்கே ஊற்றி முடியவில்லை, புல்லுக்கெல்லாம் இப்போது வராது என்று லாரிக்காரர் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் குரல் உயர்ந்து, பிறகு அடங்கியது. போனை வைத்துவிட்டுக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

மணி பதினொன்று, வெயில் சுள்ளென்று அடித்தது. தரை முழுக்கப் பூத்திருந்தது. மதிலோரத்தில் கருஞ்சிவப்பு, அதிலிருந்து சிவப்பு, ரோஸ், ஆரஞ்சு, மஞ்சள் என்று கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, அத்தையின் ஜன்னலடியில் வெள்ளையாக முடிந்தது. எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அப்பா ஒரு காலைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் பழைய இடத்திலேயே வைத்தார்.

“தினமும் இப்படியா, அக்கா?”

“வெயில் இருந்தா.”

“அழகாத்தான் இருக்கு,” என்றார் அப்பா. “ஆனா தீர்மானம் தீர்மானம்தான்.”

“நாற்காலியும் நாற்காலிதான்,” என்றாள் அத்தை.

புல் கொண்டுவந்தவர் சுருள்களைச் சந்தின் முனையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அத்தை தினமும் காலையில் நாற்காலிக்கு வந்தாள். லாரித் தண்ணீர் வீடுகளுக்கே பற்றாமல் வந்தது. சுருள்கள் வெயிலில் வெந்தன. போகிற வருகிறவர்களுக்கு அத்தை அன்றன்றைய நிறத்தை அறிவித்தாள். “இன்னிக்கு எலுமிச்சை.” “இன்னிக்கு வைக்கோல்.” கடைசியில், “அட்டைப்பெட்டி” என்றாள். அன்றைக்கு அவளாகவே நாற்காலியைவிட்டு எழுந்து, ஒரு சுருளை உள்ளே இழுத்தாள்.

ஆபீஸ் பையோடு கிளம்பி வந்த அப்பா பார்த்துவிட்டார். “என்ன பண்றே?”

“பின்பக்கம் புல்லு போடணும்னு தீர்மானம் போட்டீங்கல்ல? போடறேன்.”

காகிதப்பூவின் அடியில் மண் தெரிகிற இடத்தில் அதை விரித்தாள், காய்ந்த புல் தரையைப் பார்க்க, வேர் வானத்தைப் பார்க்க. ஈரம் காக்க அதைவிட நல்ல போர்வை கிடையாது என்றாள்.

“தலைகீழா இருக்கே, அக்கா.”

“எந்தப் பக்கம் மேல வரணும்னு தீர்மானத்துல இருக்கா?”

அப்பா யோசித்தார். அந்தத் தீர்மானத்தை எழுதியவர் அவர்தான். பையை நாற்காலியில் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

“அந்த முனையைப் பிடி. மஞ்சளை மிதிக்காதே,” என்றாள் அத்தை.

அன்று மாலை லிஃப்டுக்குக் காத்திருந்தபோது தலைவர் கேட்டார், “பின்னாடி புல்லு போட்டாச்சா?”

“போட்டாச்சு,” என்றார் அப்பா.

“அப்ப வாங்க, ஒரு பார்வை பாத்துட்டு வந்துடலாம்.”

“இப்ப வேண்டாம்,” என்றார் அப்பா. “பதினொரு மணிக்கு வந்து பாருங்க.”