டிக்கெட் எடுத்து அந்தப் பக்கம் போன வள்ளிக்கண்ணு அக்கா

வள்ளிக்கண்ணு அக்கா போயிட்டாங்க. நேற்று விடியற்காலை... தூக்கத்திலேயே ஹார்ட் அட்டாக்.

ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனிக்கு வந்து போனவர்களுக்கு அக்காவைத் தெரியாமல் இருக்காது. கேட்டில் உட்கார்ந்து டோக்கன் போடுவார். உள்ளே கணக்கு பார்ப்பது நான்.

தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கப்பல் ஏறி இலங்கைக்குப் போய் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தவர் எங்கள் அக்கா. நானும் கூடப் போனேன். ஆனால் பிளான் முழுக்க அவருடையது.

எங்கள் ஊரில் "அந்தப் பக்கம் போயிட்டாரு" என்றால் டூர் போனார் என்று அர்த்தம் இல்லை. மீன் பிடிக்கப் போனவரை, எல்லை தாண்டியதாக இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம்.

அக்காவின் வீட்டுக்காரர் நாகு மாமா அப்படிப் போனவர். பல வருஷத்துக்கு முன்னால், யாழ்ப்பாணத்து ஜெயிலில் சில மாதங்கள்.

திரும்பி வந்தவர் அப்புறம் கடலுக்கே போகவில்லை. அங்கே இருந்ததைப் பற்றி அக்காவிடம் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பக்கம் காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே அக்கா என் டேபிளுக்கு வந்துவிட்டார்.

"கீதா, அந்த ஊரை நான் கண்ணால பாத்துட்டு வந்துரணும். இந்த மனுசன் எதையோ உள்ளுக்குள்ள போட்டு அடச்சு வச்சிருக்காரு. நான் பாத்துட்டு வந்து பேசுனா அவரும் வாயத் தொறப்பாரு."

சரிக்கா, அங்கே பஸ்ஸா ஆட்டோவா என்று கேட்டேன். "எனக்கு என்ன கால் இல்லையா? சைக்கிள்தான்" என்றார்.

நம்ம மாவட்டத்தில் பெண்களெல்லாம் சைக்கிள் பழகிய காலத்தில் பழகியவர். மாமா பிடிபட்டபோது, அந்த போட்டில் போன எல்லோர் வீட்டுக்கும் சைக்கிளில் போய், பெண்களைத் திரட்டி கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வைத்ததும் இவர்தான். இவரிடம் போய் ஆட்டோ என்றேன் பாருங்கள்...

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் மேப் பார்ப்போம்.

"மேடு கீடு இருக்கான்னு பாரு."

"எங்கயும் இல்லக்கா. கையில தேச்ச மாதிரி தட்டையா கெடக்கு."

"அப்ப நம்மூருதான். பெறகென்ன?"

சைக்கிளைக் கப்பலில் ஏற்றலாமா என்று போன் போட்டுக் கேட்டோம். மடிக்கிற சைக்கிளா என்றார்கள். அக்கா அசரவில்லை. "பெடலையும் வீலையும் கழட்டுனா மடிஞ்ச மாதிரிதாங்க."

விஷயம் வெளியே தெரிந்ததும் துறைமுகத்தில் ஒரே கேலி. "எல்லாரையும் இழுத்துக்கிட்டுப் போவாங்க, நீ டிக்கெட் எடுத்துல்ல போற" என்றார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே டோக்கன் கிழித்துக் கொடுத்தார்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. "என்னைய எதுவும் கேக்காத" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் கிளம்புகிற அன்று பார்த்தால் இரண்டு சைக்கிளுக்கும் புது பிரேக் கட்டை போட்டிருந்தது.

கப்பலில் நான் வாந்தி எடுத்தே ஓய்ந்தேன். அக்கா கல்லு மாதிரி உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கரையில் இமிக்ரேஷன். தமிழ் ஆபீசர்தான். "இதுக்கு முன்னம் உங்கட குடும்பத்தில ஆரும் இஞ்ச வந்திருக்கினமோ?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு வந்திருக்காருங்க."

"எங்க தங்கினவர்?"

"ஜெயில்லங்க."

எனக்குக் கப்பலில் வராத மயக்கம் அங்கே வந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம், இப்படியே திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று அக்காவின் காலை மிதித்தேன். "ஏன்டி மிதிக்கிற, கேட்டாரு சொன்னேன்" என்றார், ஆபீசருக்கும் கேட்கும்படி.

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "இப்ப எப்பிடி இருக்கிறார்?" என்றார்.

"இருக்காருங்க. கடல் பக்கம்தான் போறதில்ல. அதான் அவருக்குப் பதிலா நான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஸ்டாம்ப் விழுந்தது. "மாடுகள் குறுக்க வரும், கவனமா சைக்கிள் ஓடுங்கோ அக்கா" என்றார்.

மறுநாள் கழற்றிய வீலையும் பெடலையும் பூட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினோம். செம்மண், வெங்காயத் தோட்டம், பனைமரம்... நேரான ரோடு. எதிர்காற்றில் எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா முன்னால் போய் நின்று, "வாம்மா ராசாத்தி, வா" என்று கிண்டல் பண்ணுவார்.

ஓர் ஆலமரத்தடியில் நிறுத்தி மாமாவுக்கு வீடியோ கால் போட்டோம். எடுப்பாரோ மாட்டாரோ என்று இருந்தது. எடுத்தார். அக்கா போனைத் திருப்பித் திருப்பித் தோட்டத்தையும் ரோட்டையும் காட்டினார்.

மாமா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். அப்புறம் மெதுவாக, "கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறப்ப வண்டி ஜன்னல்ல இதே மாதிரி பனைமரமாத்தான் வரும், வள்ளி... நான் எண்ணிக்கிட்டே போவேன்" என்றார்.

அக்கா அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு மாமா பேசினார், பேசினார், என் போனில் சார்ஜ் தீரும் வரைக்கும் பேசினார். நான் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

நேற்று அக்கா வீட்டில் கூட்டம். சொந்தக்காரப் பெரியம்மா ஒருவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி அழுதார். "பாவி மக, ஒண்ணையும் அனுபவிக்காம போயிட்டாளே..."

சுவரோரமாக உட்கார்ந்திருந்த மாமா எழுந்து வந்தார்.

"யாரு சொன்னா அனுபவிக்கலன்னு? கப்பலேறி வெளிநாடு போயி சைக்கிள் ஓட்டுனவ எம்பொண்டாட்டி. அதைச் சொல்லி அழு."

பெரியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதையே சொல்லி அழுதார்.

பெருமையா இருக்கு அக்கா. நல்லா தூங்குங்க.