ஒரே ஒரு கட்டளைக்கு உரிமை

மும்பையில் செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஏழு மணிக்கு உட்கார இடம் கிடைக்காது. வந்தவர்கள் எல்லாரும் வெறும் வயிற்றுக்காரர்கள். பொறுமையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தைச் சமாளிப்பவள் தாராவியிலிருந்து வரும் விஜயராணி. பெயரைப் பதிவு செய்வாள், ரத்தம் எடுப்பாள், குழாயில் லேபிள் ஒட்டுவாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

லேபிள் பிரிண்டர் மட்டும் அவளுக்கு அடங்காது. பாதிநாள் காலையில் மக்கர் பண்ணும். கம்ப்யூட்டரில் பிரிண்டர் சேவையை நிறுத்தித் தொடங்கினால் சரியாகிவிடும். ஆனால் அதற்கு அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அது ஃபர்ஸானாவிடம் இருந்தது. கூடத்தின் எல்லாக் கிளைகளுக்கும் கம்ப்யூட்டர் பொறுப்பு அவள்தான். அந்த நேரத்தில் கல்யாணிலிருந்து லோக்கல் ரயிலில் வந்துகொண்டிருப்பாள்.

பெண்கள் பெட்டியின் இரைச்சலில் ஃபர்ஸானா பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகப் போனில் கத்துவாள். ஆபீஸ் சேர்ந்ததும் மாற்றிவிடுவாள். மறுநாள் புதியதைக் கத்துவாள். கடைசியில் பெட்டியே சேர்ந்து பாஸ்வேர்டு யோசிக்க ஆரம்பித்தது.

"நாளைக்கு எம் மாமியா பேர வையி. ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்" என்றாள் கூடப் பயணம் செய்யும் பேராச்சி.

விஜயராணி வீடியோக்களைப் பார்த்து கம்ப்யூட்டருக்கு நாலு வரிக் கட்டளைகளில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். ஒரு தட்டு தட்டினால் போதும், பிரிண்டர் எழுந்துவிட வேண்டும். அது பாதியில் நின்று பாஸ்வேர்டு கேட்டது.

"பாஸ்வேர்டையும் உள்ளயே எழுதிட்டா என்னக்கா?"

"ஸ்கிரிப்டத் தொறக்கவன்லாம் படிச்சிருவாம்லா? வேண்டாம்."

ஃபர்ஸானா வேறு வழி செய்தாள். பிரிண்டர் சேவையைத் திரும்பத் தொடங்கும் அந்த ஒரு கட்டளையை மட்டும், பாஸ்வேர்டு கேட்காமல், அட்மின் உரிமையோடு ஓட்ட விஜயராணிக்கு அனுமதி கொடுத்தாள்.

"இம்புட்டுதானா? எம்மேல நம்பிக்க இல்லியாக்கா?"

"ஒன்ன நம்புதேன். ஸ்கிரீனத் தொறந்துபோட்டுட்டு ஊசி போடப் போறியே, அதத்தான் நம்பல."

"நீங்க ரயில்ல கத்துனத விடவா?"

ஃபர்ஸானா சிரித்துவிட்டாள். விஜயராணிக்குச் சிரிப்பு வரவில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை, அன்றைய முன்பதிவுக் கோப்பு காலியாகக் கிடந்தது. மேனேஜர் கேஷவ் விசாரிக்கவே இல்லை.

"அட்மின் அதிகாரம் இங்கே உனக்குத்தானே இருக்கிறது? நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார் இந்தியில், கூட்டத்தின் நடுவே.

விஜயராணி உடனே ஃபர்ஸானாவுக்குப் போன் போட்டுக் கேஷவிடம் நீட்டினாள்.

"அவளிடம் இருப்பது ஒரே ஒரு கட்டளை, சார். அந்தக் கோப்பைத் தொடவே முடியாது. காலியாகத்தானே கிடக்கிறது, உங்கள் கண்ணெதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள்."

விஜயராணி அழிக்கும் கட்டளையை அட்மின் உரிமையோடு அடித்தாள். உனக்கு அனுமதி இல்லை என்றது கம்ப்யூட்டர். கேஷவ் அவளை விலக்கிவிட்டு, அவள் லாகினிலேயே தானும் அடித்துப் பார்த்தார். அவருக்கும் அதே பதில்தான். அனுமதி இல்லை என்ற பதிலுக்காக அவள் மகிழ்ந்தது அன்றைக்குத்தான்.

முந்தின மாலை சாஃப்ட்வேர் போட்டவர்கள் செய்த கோளாறு அது என்று மதியம் தெரிந்தது. பதிவுகளும் திரும்பி வந்தன. கேஷவ் மன்னிப்புக் கேட்கவில்லை. அரை டம்ளர் கட்டிங் சாயா ஒன்று வரவழைத்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

விஜயராணி ஃபர்ஸானாவைக் கூப்பிட்டாள். "நான் கேட்ட பாஸ்வேர்ட நீங்க குடுத்திருந்தா, இன்னைக்கு என்னத்தச் சொல்லித் தப்பிச்சிருப்பேன்? நல்லாருப்பீங்கக்கா. நாளைக்கு மீன் கொழம்பு கொண்டாறேன்."

"முள்ளு கம்மியான மீனாப் பாரு" என்றாள் ஃபர்ஸானா.