ஓர் ஆளுக்கு அறுபது பாத்திரம்

போன வாரம் தொலைபேசியில் ஒரு பெண்குரல், ‘இந்த ஆண்டு என்ன பொருள் வாங்கினீர்கள்? ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்றது. ஆர்வமாகப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டு, அது பதிவுசெய்த குரல் என்று தெரிந்ததும் அசடு வழிந்தேன். எழுபதுகளின் கடைசியில் டில்லியில் அந்தக் குரலின் வேலையை நான் நடந்தே செய்துகொண்டிருந்தேன்.

பாத்திரங்களுக்கு உலோகத் தகடு விற்கும் ஒரு கம்பெனி. வீடுகளிலிருந்து பித்தளையும் அலுமினியமும் எவ்வளவு வேகமாகப் போகின்றன, எவர்சில்வர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். நான் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவேன். என் இந்தியைக் கேட்டதுமே பாதிக் கதவுகள் மூடிக்கொள்ளும். கரோல் பாக்கில் ஒரு மாடியறையில் தனியாக இருந்தேன். ஒரு வார்த்தை தமிழ் பேசாமலே கழிந்த நாட்கள் உண்டு. அதனால் சரோஜினி நகரில் தமிழ்ப் பெயர் தென்படும் வீடுகளை, குழந்தை மிட்டாயைப் பத்திரப்படுத்துவதுபோல், கடைசிக்கு வைத்துக்கொள்வேன்.

அப்படிக் கிடைத்தவர்தான் வேலாயுதம். திருநெல்வேலிக்காரர், அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டில் எத்தனை பேர்? ஒருவர். எவர்சில்வர் எத்தனை?

“அறுபது இருக்கும் தம்பி.”

அப்படியே எழுதிக் கொடுத்தேன். என் மேற்பார்வையாளர் சோப்ரா, பஞ்சாபிக்காரர், படிவத்தை என் முகத்துக்கு எதிரே ஆட்டினார். “ஏக் ஆத்மி, சாட் பர்த்தன்?” ஓர் ஆளுக்கு அறுபது பாத்திரமா, டீக்கடையில் உட்கார்ந்து எழுதினாயா என்று கத்தினார். பொய் என்றால் வேலை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அவரையே அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

வேலாயுதம் கட்டிலுக்கடியிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகளை இழுத்துத் திறந்தார். வைக்கோல் வாசனை அடித்தது. தூக்குச்சட்டி, தட்டு, டம்ளர் என்று எல்லாம் புதுசு. அவர் சமைத்துச் சாப்பிட்டதெல்லாம் நசுங்கிய அலுமினியத்தில்தான். ஒவ்வொன்றிலும் ஒரே பெயர் வெட்டியிருந்தது. இது என்ன எழுத்து என்று சோப்ரா கேட்டார்.

“செல்லம்மா. என் வீட்டுக்காரி,” என்ற வேலாயுதம் என் பக்கம் திரும்பினார். “குவார்ட்டர்ஸ் கிடைச்சதும் வாரேன்னா. கிடைச்ச நேரம் அவ அப்பாவுக்குக் கை கால் விழுந்துட்டு. எப்படி விட்டுட்டு வருவா? பிள்ளைங்க ரெண்டும் அங்கதான் படிக்குதுங்க. தீபாவளிக்குத் தீபாவளி வாங்கி வைக்கேன். வந்தா உடனே குடித்தனம் பண்ணலாம்லா?”

மொழிபெயர்க்கையில் இரண்டு இடங்களில் நிறுத்தி மறுபடி தொடங்கினேன். என் இந்தியே அவ்வளவுதான் என்று சோப்ரா நினைத்திருக்கலாம். அவர் என் பேனாவை வாங்கி, படிவத்தில் ‘வீட்டில் எத்தனை பேர்’ என்ற இடத்தில் ‘ஒன்று’ என்பதை அடித்துவிட்டு ‘நான்கு’ என்று எழுதினார்.

“அப் டீக் ஹை,” என்றார். இப்போது சரியாக இருக்கிறதாம்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் நான் மட்டும் போனேன். வேலாயுதம் ரசம் வைத்துவிட்டுக் காத்திருப்பார். ஒருநாள் கிளம்பும்போது, “அடுத்த ஞாயிறும் வருவீங்கல்லா?” என்று கேட்டார்.

“வரேன் சார்.”

வியாழக்கிழமை என்னைக் கான்பூருக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு தபால் கார்டு போட்டிருக்கலாம். முதலில் சோம்பல், பிறகு இவ்வளவு நாள் போடவில்லையே என்ற வெட்கம். நாலு வருடம் கழித்துப் போனபோது அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். செல்லம்மா வந்தாரா, இவர் ஊருக்குப் போனாரா, யாருக்கும் தெரியவில்லை.

“மதராஸியா? பதா நஹீ, பையா,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தெரியாதாம்.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையையே இடித்துவிட்டார்கள். சமீபத்தில் டில்லி போனபோது தகர வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். அவர் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.