வில்டா எண்ணிய தலைகள்

வில்டா ஸ்டாப்ஸின் பஸ்ஸில் ஏறினால் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு சத்தம் வரவேற்கும். டக். விரலால் அழுத்தி எண்ணும் சின்ன மிஷின் ஒன்றை அவள் எப்போதும் கையில் வைத்திருப்பாள். ஒரு தலைக்கு ஒரு டக். மேட்டிலுள்ள கார் நிறுத்தத்திலிருந்து கீழூருக்குப் போகிறவர்களுக்கு ஒரு மிஷின், திரும்பி வருகிறவர்களுக்கு இன்னொன்று. எத்தனை பேர் ஏறினார்கள் என்று எழுதினால் போதும் என்பதுதான் மேலிடத்து உத்தரவு. திரும்பி வந்தவர்களையும் எண்ணு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அந்த எண்ணிக்கை ஒரு நாளும் ஒத்துப் போனதில்லை. இரண்டு ஆறுகள் சேரும் முனையில் இருக்கிறது எங்கள் கீழூர். அங்கிருந்து நடைபாலம் ஏறி அக்கரை மாநிலமான மேரிலாண்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. ரயில் பிடித்து வாஷிங்டன் போகிறவர்கள் உண்டு. முதுகில் மூட்டையுடன் மலைப்பாதை ஏறிக் காணாமல் போகும் பைத்தியங்களும் உண்டு. மாலையில் வில்டா, "இருநூத்திப் பன்னெண்டு எறங்கினாங்க, நூத்தித் தொண்ணூத்தேழு ஏறினாங்க" என்பாள்.

"மிச்சப் பதினஞ்சு பேரையும் ஆத்துல தள்ளிவிட்டுட்டியா?" என்று நான் கேட்பேன். எல்லோரும் சிரிப்போம். அவள் மட்டும் சிரிக்க மாட்டாள்.

என் பெயர் டோர்சி. இந்த ஊரையே அடக்கிய வரலாற்றுப் பூங்காவில் பழுது பார்க்கிறவன். கூரை ஒழுகினால் நான், பூட்டு மாட்டிக்கொண்டால் நான். கீழூரில் வீடும் கடையும் நூற்றறுபது வருஷத்துக்கு முந்தைய உள்நாட்டுப் போர்க் காலத்தில் இருந்த மாதிரியே வைத்திருக்கிறார்கள். தையல் கடையிலும் மருந்துக் கடையிலும் சத்திரத்திலும் ஆள் உயரப் பொம்மைகளுக்கு அந்தக் காலத்து உடுப்பு மாட்டி நிறுத்தியும் உட்கார்த்தியும் இருக்கிறோம். மொத்தம் பதினொன்று. மூக்கு உடைந்தால் ஒட்டுவதும் நான்தான். பெற்ற பிள்ளைகளின் முகத்தைவிட அந்தப் பதினொன்றின் முகம்தான் எனக்கு நன்றாகத் தெரியும் என்று என் மனைவி குத்திக் காட்டுவாள். அது எவ்வளவு பெரிய பொய் என்று ஒரு செப்டம்பர் மாதம் தெரிந்தது.

வில்டா எங்களிடம் வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் பள்ளி பஸ் ஓட்டியவள். ஒரு தடவை, மதிய உணவுக்குப் பெப்பரோனி இறைச்சி வைத்த பன்னைப் பிய்த்துக்கொண்டே, ஏன் அந்த வேலையை விட்டாள் என்று சொன்னாள். ஒரு ஜனவரி மாதம். அவளுக்குப் பல்வலி. வண்டியை நிறுத்தியதும் கடைசி சீட்டுவரை நடந்து பார்த்துவிட்டு இறங்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கு மட்டும் நடக்கவில்லை. பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பின் சீட்டுக்கு அடியில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

"நாப்பது நிமிஷம் டோர்சி. மெக்கானிக் பாத்தான். கொழந்தைக்கு ஒண்ணும் ஆகல. கையுறை ஒண்ணக் காணோம்னு மட்டும் அழுதுச்சாம்."

பெற்றோர் மன்னித்தார்கள், பள்ளியும் மன்னித்தது. வில்டா சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அதைச் சொல்லும்போது அவள் பன்னை முழுவதும் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகும் நான் அவளைக் கேலி செய்வதை நிறுத்தவில்லை. என் வாய் அப்படி.

இனி அந்தச் செப்டம்பர். தெற்கே அடித்த புயலின் வால் எங்கள் இரண்டு ஆறுகளில் ஒன்றான ஷெனன்டோவாவின் தலைப்பக்க மலைகளில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போயிருந்தது. எங்களுக்கோ பளிச்சென்ற வெயில். வெள்ளம் மறுநாள்தான் என்றார்கள். பதினோரு மணிக்கு அதை மாற்றி, இன்று மாலைக்குள் என்றார்கள். வெயிலில் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்த கூட்டத்திடம் "வெள்ளம் வருது, கிளம்புங்க" என்றால் யார் நம்புவார்கள்?

ஆறு ஏறினால் என்ன செய்வது என்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. முதலில் காகிதங்கள் மாடிக்குப் போகும். பிறகு பொம்மைகள், பிறகு நாற்காலிகள். அறை காலி என்று பார்த்தவன் கதவைப் பூட்டி, சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவான். குறி போட்ட கதவை அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பொம்மைகளைத் தூக்குவது கிளிஃபோர்டின் வேலை. கிளிஃபோர்டு சம்பளமில்லாமல் சிப்பாய் உடுப்பு மாட்டிக்கொண்டு முரசு அடிக்கிறவன். நான் பதினெட்டு நாற்காலிகளை மாடியேற்றி இடுப்பு கழன்ற நிலையில், இரண்டரை மணிக்குத் தையல் கடைக்கு வந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மூலையில், கறுப்புத் தொப்பியோடு ஒரு பொம்மை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்ததே கோபம்! கிளிஃபோர்டு ஒன்றை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். சோம்பேறிப் பயல். நனைந்தால் நனையட்டும், மூக்கு ஒட்டுகிற வேலை எப்படியும் என் தலையில்தான் விடியப் போகிறது. கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டி, அந்தப் பொம்மையைப் பார்த்து நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினேன். கதவைப் பூட்டினேன். குறி போட்டேன்.

மணி மூன்று. எங்களுக்கு முந்தின பஸ் கடைசிக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வில்டாவின் வண்டியில் நானும் இன்னும் மூன்று ஊழியர்களும்தான். பழைய மாவு மில் பக்கத்தில் சாலை பள்ளமாக இருக்கும். அது முழுகிவிட்டால் பஸ் மேலே போக வழியில்லை. வில்டா இஞ்சினை ஓடவிட்டு, கதவைத் திறந்து வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வயர்லெஸ்ஸில் ரென்ஃப்ரோவின் குரல் வந்தது. மேட்டிலிருந்து எல்லோரையும் மேய்க்கிற அதிகாரி அவர். "வில்டாம்மா, பள்ளத்துல அரை அடி தண்ணி ஏறிடுச்சு. வண்டிய எடுங்க."

"ஒருத்தர் கொறையுது."

"உங்களுக்கு என்னிக்குத்தான் கொறையல? பாலத்தத் தாண்டிப் போயிருப்பாங்க. ரயில் ஏறியிருப்பாங்க."

"அவங்க யாரும் என்னக் கேக்கல. இவரு கேட்டாரு. பத்து இருபது மணி வண்டியில வந்தாரு. லங்காஸ்டர் பக்கத்து ஆமிஷ்காரரு, அந்தக் காலத்து உடுப்போட இன்னும் குதிரை வண்டி ஓட்டுற ஜனம். ஒரு முட்டி மடங்கல. எறங்கும்போது, 'திரும்பவும் நீயே கூட்டிட்டுப் போவியாம்மா'ன்னாரு. போவேன்னு சொல்லிட்டேன். அவரோட மக, மருமகன்லாம் மேல இருக்காங்களான்னு பாருங்க சார்."

"பாக்கறேன். அதுக்குள்ள வண்டி நகரணும்."

வண்டி நகரவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஈரக் காலுறை, இடுப்புவலி, வீட்டில் சூடாக இருக்கும் பீன்ஸ் சூப் எல்லாம் சேர்ந்து என்னைப் பேச வைத்தன.

"எடு வில்டா. எல்லா ரூமையும் நானே பாத்துட்டேன். ஒரு ஈ, காக்கா கெடையாது."

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "பாத்தியா, இல்ல உள்ள போனியா?"

"பாத்தா போதாதா? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"நெட்டையா இருப்பாரு. கறுப்புத் தொப்பி. நெஞ்சு வரைக்கும் வெள்ளத் தாடி, ஆனா மீசை கெடையாது. அந்த மாதிரி ஒருத்தர நீ பாக்கவே இல்லையா?"

மீசையில்லாத தாடி. என் பதினொரு பொம்மைகளில் ஏழுக்கு மழித்த முகம், நான்கிற்கு மீசை மட்டும். தாடி ஒன்றுக்குமே கிடையாது. நானே ஒட்டிய முகங்கள்! தையல் கடை மூலையில் உட்கார்ந்திருந்ததற்கோ தாடி இருந்தது. வயர்லெஸ்ஸை எடுத்தேன்.

"கிளிஃபோர்டு, எத்தன பொம்மைய மேல ஏத்தின?"

"பதினொண்ணு. ஏன், எதுக்காச்சும் மூக்கு போச்சா?"

"தையல் கடையில?"

"அங்க இருந்த ரெண்டையும் மொதல்லயே தூக்கிட்டேன்யா. என்ன விஷயம்?"

நான் படியிறங்கி ஓட ஆரம்பித்திருந்தேன். பின்னால் ரென்ஃப்ரோவின் குரல் கேட்டது. "வில்டாம்மா, அவரு மக இங்கதான் இருக்கு. அப்பா முன்னாடியே வந்து, அவங்க வந்த வாடகை வேன்ல தூங்கறாருன்னு நெனச்சுதாம். வேன்ல ஆள் இல்ல."

ஆற்றை ஒட்டிய தையல் கடைத் தெருவில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வரை வந்துவிட்டது. சாவிக்கொத்தில் நாற்பது சாவி. இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற சாவி அன்றைக்குக் கையில் வரவே இல்லை. நான் போட்ட வெள்ளைக் குறி என் மூக்குக்கு நேராக நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

கதவு திறந்தது. கிழவர் நாற்காலியின்மேல் நிமிர்ந்து நின்றுகொண்டு, அலமாரியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். தண்ணீர் நாற்காலியின் கால்களைச் சுற்றிச் சுழன்றது.

"நாக்க நீட்டினவன் நீதானே?" என்றார்.

"நான்தான் ஐயா. முதுகுல ஏறுங்க."

அவர் பெயர் அமோன் ஸூக். நல்ல கனம். அவர் கைத்தடி என் காதில் இடித்துக்கொண்டே வந்தது. தெருவில் தட்டுத் தடுமாறி நடக்கும்போதே, அந்த மனுஷன் ஆற அமரக் கதை சொன்னார்.

"காலையிலேர்ந்து நூறு பேரு போட்டோ எடுத்துட்டாங்க. எங்களுக்கு அது ஆகாதுப்பா. என்னையும் உங்க வேஷக்காரன்னு நெனச்சு, அடுத்த ஆட்டம் எத்தன மணிக்குன்னு வேற கேக்கறாங்க. ஒரு அம்மா தாடிய இழுத்தே பாத்துடுச்சு, ஒட்டினதான்னு. இங்க வந்து அசையாம உக்காந்தா, எட்டிப் பாத்துட்டுப் பொம்மைன்னு போயிட்டாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. நீயும் வந்தே. அசையாம இருந்தேன். பூட்டிட்டுப் போயிட்டே."

"வெள்ளம் வருதுன்னு சங்கு ஊதினாங்களே ஐயா?"

"காலையில பீரங்கி வெடிச்சாங்க, முரசு அடிச்சாங்க. இதுவும் ஆட்டத்துல ஒண்ணுன்னு நெனச்சேன்."

"கத்தியிருக்கலாமே?"

"கத்தாம? ஜன்னல்ல நின்னு கத்தினேன். ஒருத்தன் நின்னு பாத்துட்டு, கை தட்டிட்டுப் போனான்."

வில்டா பஸ்ஸின் படியில் நின்றிருந்தாள். நான் அவரை இறக்கினேன். அவர் ஒரு காலை மேல் படியில் வைத்தார், அடுத்த காலை இழுத்து வைத்தார். இரண்டு காலும் உள்ளே வந்த பிறகுதான் டக் என்றது.

"கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேனில்ல?" என்றாள்.

"சொன்னே. கொஞ்சம் தாமதம்" என்றார் அவர்.

நான் அடுத்ததாக ஏறினேன். "நீ என் கணக்குல இல்ல. பின்னாடி போய் உக்காரு" என்றாள். போய் உட்கார்ந்தேன்.

பள்ளத்தைக் கடக்கும்போது வண்டியின் தரைக்கு அடியில் தண்ணீர் உரசும் சத்தம் கேட்டது. அமோன் ஸூக், "நம்ம குதிரையா இருந்தா இந்நேரம் நின்னிருக்கும்" என்று யாரிடமோ சொன்னார். சக்கரங்கள் ஏற்றத்தைப் பிடித்ததும் அவரைத் தவிர நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து விட்ட மூச்சில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது.

மேலே அவர் மகள் லவீனா ஓடி வந்தாள். அப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் பாஷையில் வெளு வெளு என்று வெளுத்தாள். ஒரு சுற்றுலாக்காரன் அதைப் பார்த்து போனைத் தூக்கினான். வில்டா அவனுக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். "போதும் தம்பி. ஆட்டம் முடிஞ்சிடுச்சு" என்றாள்.

அன்றிரவு தண்ணீர் தையல் கடைக்குள் நான்கடிக்கு மேல் ஏறியது. எந்த வெள்ளம் எவ்வளவு வந்தது என்று சுவரில் கோடு போட்டு வருஷம் எழுதுவது எங்கள் வழக்கம். இந்தக் கோட்டையும் நானே போட்டேன். அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தால் கோடு அவர் மூக்குக்கு நேராக வருகிறது. இப்போதெல்லாம் வெள்ளம் என்றால் ஒவ்வொரு அறைக்குள்ளும் நுழைந்து, அங்கே இருப்பது எதுவானாலும் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குறி போடுகிறேன். கிளிஃபோர்டு சிரிக்கிறான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் எனக்கு மறக்காதது அந்தக் கார் நிறுத்தம்தான். ஸூக் குடும்பத்தின் வேன் போன பிறகு, வில்டா தன் பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டுவரை நடந்து, ஒவ்வொரு சீட்டுக்கும் அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"எத்தன மணிக்குப் பூட்டின?" என்றாள்.

"ரெண்டரைக்கு."

"தொறந்தது?"

"மூணு அஞ்சு இருக்கும்."

அவள் விரல்களை மடக்கி எண்ணினாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். எட்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"முப்பத்தஞ்சு" என்றாள். "என்னவிட அஞ்சு நிமிஷம் கம்மி டோர்சி."