பதினொரு விநாடி மௌனம்

துவைத்து உலர்ந்த போர்வையை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு நடந்தது.

“மாசக் கடைசியில ஆபீஸ்ல பழைய போன் பதிவையெல்லாம் அழிச்சிடப் போறாங்களாமே, அண்ணி?” என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

“மேலாளர் அப்படித்தான் சொல்றார். பேக்கப் சர்வர்ல இடம் இல்லையாம். புது டிஸ்க் வாங்கவும் மனசு வரலையாம்.”

“போகட்டுமே. அஞ்சு வருஷத்துப் பழசை யார் கேக்கப் போறா?”

“அப்பாவோட கடைசிக் குரல் வேணும்னு ஒரு பொண்ணு வந்து நின்னாளே, மறந்துட்டியா? நான் அழிக்க விடமாட்டேன். சுருக்கி வைக்கப் போறேன்.”

“சுருக்கினா குரல் கெட்டுப்போகாதா?”

“போர்வையை மடிச்சா நூல் குறையுதா என்ன? எழுதும்போது சர்வரே மடிச்சு வச்சுக்கும், கேக்கும்போது பிரிச்சுக் கொடுக்கும். ஒருத்தர் பேசினா இன்னொருத்தர் சும்மாதானே இருக்காங்க? அந்த மௌனம்தான் நல்லா மடியும்.”

“அப்போ ஒரு பதினொரு செகண்ட் மௌனம் இருந்தா, அது சின்னதாயிடுமா?”

அண்ணியின் கை ஒரு கணம் நின்றது.

“டிஸ்க்லதான் சின்னதாகும். கேட்டா பதினொண்ணும் அப்படியே வரும்.” பிறகு, “முனையைச் சரியாப் பிடிடி. உங்க அண்ணன் மாதிரியே கோணலா மடிக்கிற” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

இருவருக்கும் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில்தான் வேலை. அவள் அழைப்புகளை எடுப்பவள். அண்ணி அடுத்த அறையில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். எதையும் தூக்கி எறிய மனம் வராத மனுஷி. ஜோடி தொலைந்த காலுறைக்குக்கூட வீட்டில் ஒரு டப்பா உண்டு. “என்னையும் அதனாலதான் வச்சிருக்கா” என்பார் அண்ணன்.

ஐந்து வருஷத்துக்கு முன், அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு கிழவர் அழைத்து மனைவிக்கு மூச்சு வரவில்லை என்றார். அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. “அம்மா, இருக்கீங்களா?” என்று அவர் கேட்ட பிறகுதான் முகவரி கேட்டாள். அந்த அம்மாள் பிழைக்கவில்லை. அந்தத் தாமதத்தால் அல்ல என்று மருத்துவர் சொன்னார்; யாரும் அவளைக் குறை சொல்லவுமில்லை. ஆனால் அவள் அன்றைக்கே பதிவைப் போட்டு, தான் பேசாமல் இருந்த நேரத்தை எண்ணிப் பார்த்துவிட்டாள்: பதினொரு விநாடி. அதன் பிறகு அதைக் கேட்டதில்லை. வீட்டிலும் வாய் திறந்ததில்லை. அதுவும் சேர்ந்து அழிந்துபோகும் மாதக் கடைசி எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அண்ணி சர்வரில் சுருக்கும் வசதியை இயக்கினார். திங்கட்கிழமை பார்த்தால் ஒரு பிடி இடம்கூடக் கூடவில்லை.

“கரைச்சுக் குடிச்ச மாதிரி சொன்னீங்களேம்மா!” என்று மேலாளர் சிரித்தார்.

அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். இயக்கிய பிறகு எழுதுவதுதான் மடியும். முன்பே கிடப்பவை கிடந்தபடியேதான் கிடக்கும். தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் கோட்டை விட்டிருந்தார். ஒரு உதிரி டிஸ்க்கை மாட்டி, ஒவ்வொரு மாதத்துப் பதிவுகளையும் அதில் நகலெடுத்து, ஒன்றுக்கொன்று பிசகில்லை என்று சரிபார்த்து, மறுபடி சர்வரில் எழுதினார். ஒன்பது நாள் ஆயிற்று. சாப்பாட்டு டப்பாவைக்கூடச் சில நாள் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடைசியில், நிரம்பி வழிந்த டிஸ்க்கில் பாதிக்குப் பாதி காலி. மேலாளர் வந்து பார்த்தார். “சரி, அழிக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தோடு அண்ணி விடவில்லை. திரும்ப எடுத்துக் கேட்காத நகல் நகலே இல்லை என்பது அவர் கட்சி. மாதத்துக்கு ஒரு பதிவாக எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை கேட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டார். எல்லாம் முடிந்து ஒரே ஒரு மாதத்துக்கு எதிரில் மட்டும் கட்டம் காலியாக இருந்தது. அது அவள் வேலைக்குச் சேர்ந்த மாதம்.

பணி முடிந்து கிளம்பியவளை அண்ணி தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, ஹெட்போனை அவள் கையில் கொடுத்தார்.

“அன்னிக்குப் பதினொண்ணுன்னு கணக்காக் கேட்டப்பவே, வேலைக்குச் சேர்ந்த புதுசுல நீ முகம் வாடிக் கிடந்தது ஞாபகம் வந்துச்சு. எந்தப் பதிவுன்னு நான் பார்க்கல, பார்க்கவும் மாட்டேன். கதவுக்கு வெளியிலதான் இருப்பேன். எனக்காக இது ஒண்ணு மட்டும் செய்டி. நீயே ஒண்ணை எடு. நடுவுல நிறுத்தாம, அந்தப் பதினொண்ணுக்கு அப்புறமும் நீ பேசியிருப்பியே, அதையும் கடைசிவரைக்கும் கேளு. கேட்டுட்டு, கையெழுத்துப் போட்டுட்டு வா.”